குரங்கு மனிதனை எவ்வளவு காட்டுவது?

கேள்வி: நாங்கள் நான்கு நண்பர்கள். வேலைக்குப் போய்க்கொண்டே சேர்த்த 8,000 வெள்ளியில் சிங்கப்பூரின் புக்கிட் தீமா காட்டில் உலவுவதாகச் சொல்லப்படும் குரங்கு மனிதனைப் பற்றித் தமிழில் 20 நிமிடத் திகில் குறும்படம் எடுக்கப்போகிறோம். முழு உடல் ரோம உடை செய்துதர ஒருவர் 4,500 வெள்ளி கேட்கிறார். அவருடைய பழைய உடை ஒன்றை இரவல் வாங்கி, எங்கள் புளோக்குக்குப் பின்னால் உள்ள மரங்களுக்கு நடுவே எடுத்துப் பார்த்தோம். வீட்டில் போட்டுக் காட்டியபோது எல்லாரும் சிரித்துவிட்டார்கள். குறை உடையிலா, நாங்கள் எடுத்த விதத்திலா? புக்கிட் தீமா காட்டிலேயே இரவில் எடுத்தால் பயம் வருமா? படம் வருவதற்கு முன் 30 விநாடித் துண்டு ஒன்றை, நிஜமாகப் பார்த்ததுபோல இணையத்தில் போடலாம் என்றும் ஒரு நண்பர் சொல்கிறார். செய்யலாமா?
சுவா சூ காங் வாசகர்

பதில்: அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். உடைக்கு இன்னும் முன்பணம் கொடுக்கவில்லை என்றால் கொடுக்காதீர்கள். கையில் இருப்பதில் பாதிக்கு மேல் அதிலேயே போய்விடும். பிறகு வெளிச்சத்துக்கும் ஒலிக்கும் காசு மிஞ்சாது. இந்த வகைப் படத்தில் பயம் பிறப்பது அந்த இரண்டிலும்தான்.

உங்கள் துண்டை நான் பார்க்கவில்லை. ஆனாலும் முழு ரோம உடைக்குள் இருப்பவர் எங்கெங்கே மனிதனாகத் தெரிந்துவிடுகிறார் என்பது எல்லாப் படங்களிலும் ஏறக்குறைய ஒன்றுதான். முதலாவது கை. நம் கையைத் தொங்கவிட்டால் விரல் நுனி தொடையின் நடுவில் நிற்கும். சிம்பன்சிக்கு அது முழங்காலுக்கும் கீழே போகும். பார்ப்பவர் இதை அளந்து பார்ப்பதில்லை, ஆனால் உள்ளே ஆள் இருக்கிறார் என்று அவர் மனம் ஒரு நொடியில் முடிவுகட்டிவிடும். அடுத்தது நடை. நாம் குதிகாலை ஊன்றி முழங்காலை நிமிர்த்தி நடப்பவர்கள், அதனால் தலை மேலும் கீழும் ஆடும். உடைக்குள் இருப்பவர் முழங்காலை எப்போதும் மடித்தே வைத்து, பாதத்தை முழுதாகப் பதித்து, தலை ஆடாமல் போக வேண்டும். பத்தடி போவதற்குள் தொடை நடுங்க ஆரம்பித்துவிடும். எனவே பத்தடிக்கு மேல் அவரை நடக்கவிடாதீர்கள்.

மூன்றாவது கண். மனிதனின் கண்ணில் வெள்ளை விழி பெரிதாகத் தெரியும். அதனால்தான் எதிரில் இருப்பவர் எங்கே பார்க்கிறார் என்று தூரத்திலிருந்தே சொல்லிவிடுகிறோம். பெரும்பாலான குரங்குகளுக்கு அந்தப் பகுதி கருமையாகவோ பழுப்பாகவோதான் இருக்கும். எவ்வளவு நல்ல முகமூடியாக இருந்தாலும், அதன் ஓட்டை வழியே வெள்ளை விழி ஒருமுறை மின்னினால் போதும், ஆட்டம் முடிந்தது. கடைசியாக ரோமம். புதிய செயற்கை ரோமத் துணி ஒரே திசையில் வழவழப்பாகப் படிந்து, மேலே வெளிச்சம் பட்டதும் பளபளக்கும். அப்போது கடையில் விற்கும் கரடிப் பொம்மைதான் ஞாபகத்துக்கு வரும்.

இனி உங்கள் குரங்கு மனிதன். கதை பழையது. 1805இல் ஒரு மலாய் முதியவர் பார்த்ததாகச் சொல்லப்படுவதுதான் முதல் பேச்சு. ராஃபிள்ஸ் இங்கே கரையிறங்கிய 1819க்கும் முந்தியது அது. ஜப்பானிய ஆக்கிரமிப்பின்போது சிப்பாய்கள் பார்த்ததாகவும் சொல்வார்கள். நரைத்த ரோமம், இரண்டு காலில் நிமிர்ந்த நடை, உயரம் ஒன்றிலிருந்து இரண்டு மீட்டர்வரை. சான்று எதுவும் கிடையாது. அங்கே நிறைய இருக்கும் நீண்ட வால் மக்காக் குரங்குகளை அரை இருட்டில் பார்த்துப் பிழையாக நினைத்திருப்பார்கள் என்பதே பொதுவான விளக்கம். ஜொகூர்க் காடுகளில் 'மாவாஸ்' என்று சொல்லப்படும் உருவம் வேறு. அது மிகப் பெரியது. இரண்டையும் கலந்துவிடாதீர்கள்.

அந்த உயரக் கணக்கில் உங்களுக்கு ஒரு வரம் இருக்கிறது. இரண்டு மீட்டர் வேண்டாம், 130 செ.மீ. எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய உருவம் துரத்துவது எல்லாரும் பார்த்துச் சலித்தது. பாதையின் கடைசியில், ஏழெட்டு வயதுப் பிள்ளை உயரத்தில் ஏதோ ஒன்று அசையாமல் நிற்பது வேறு விதமான பயம். சின்னப் பிள்ளையை நடிக்கவைக்க வேண்டாம். 150 செ.மீ. உயரமுள்ள பெரியவர் ஒருவர் முழங்காலை மடித்து முதுகை வளைத்தால் 130க்கு வந்துவிடுவார். அந்த உயரத்தைப் பார்ப்பவர் உணர, முன்பே அதே இடத்தில் உங்கள் கதாபாத்திரம் ஒருவர் நிற்கும் காட்சி ஒன்று இருக்க வேண்டும். ஒரு பாதைப் பலகை அவர் மார்பளவுக்கு வரட்டும். பிறகு அதே பலகையின் பக்கத்தில் அது நிற்கட்டும்.

உடைக்குப் பதிலாகப் பாகங்கள் செய்யுங்கள். வேண்டியவை நான்குதான்: தூரத்துக்கு ஒரு நீண்ட கை, நெருக்கத்துக்கு ஒரு கை, ஒரு முதுகு, ஒரு தலை. அரப் ஸ்திரீட் துணிக்கடைகளில் தேடுங்கள். ஒன்றரை மீட்டர் அகலத் துணி என்றால் ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் போதும். ரோமம் 5 செ.மீ.க்குக் குறையாமல், கரும்பழுப்போ கருஞ்சாம்பலோ வாங்குங்கள். வெள்ளைத் துணியைச் சாயம் போட்டு எடுக்கலாம் என்று நினைக்காதீர்கள். செயற்கை இழையில் சாதாரணச் சாயம் பிடிக்காது. கத்தரிக்கோலால் வெட்டினால் ரோமமும் சேர்ந்து நறுக்குண்டு, தையலில் மொட்டைக் கோடு விழும். துணியைத் திருப்பிப்போட்டு, பின்பக்கத் துணியை மட்டும் கூரான பிளேடால் கீறிப் பிரிக்க வேண்டும். தைத்தபிறகு தையலில் சிக்கிய ரோமத்தை ஊசியால் வெளியே இழுத்துவிட்டால் இணைப்பு மறைந்துவிடும். தண்ணீரும் கிளிசரினும் சம அளவு கலந்து ஆங்காங்கே தடவி, மண்ணும் காய்ந்த இலைத்தூளும் தூவி, கொத்துக்கொத்தாக முறுக்கிவிடுங்கள். பளபளப்பு போய்விடும்.

தூரத்துக் கையின் உள்ளே 20 செ.மீ. நீளப் பிவிசி குழாய். நடிப்பவர் அதன் ஒரு முனையைப் பிடித்துக்கொள்வார், மறுமுனையில் பஞ்சுத் தகட்டில் வெட்டிய பொய்க்கை. அதன் விரல்கள் அசையாது. 15 மீட்டர் தூரத்தில் அதை யாரும் கவனிக்கப்போவதில்லை.

நெருக்கக் கைக்குத்தான் நேரம் கொடுங்கள், படத்தில் தெளிவாகத் தெரியப்போவது அது ஒன்றுதான். மெல்லிய துணிக் கையுறை மேல் ரப்பர் பாலும் மெல்லிய காகிதமும் மாற்றி மாற்றி ஐந்தாறு பூச்சு. தூரிகையால் பூசினால் ரப்பர் அதிலேயே உறைந்துவிடும், மலிவான பஞ்சுத் துண்டுகளால் பூசுங்கள். வெள்ளையாகத் தெரிந்தால் இன்னும் காயவில்லை என்று பொருள். ஒளி ஊடுருவும் மஞ்சள் நிறத்துக்கு வந்தபிறகுதான் அடுத்த பூச்சு. நம் ஊர் ஈரக்காற்றில் மின்விசிறி வைத்தாலும் ஒரு பூச்சுக்கு முக்கால் மணி நேரம் எடுக்கலாம். அவசரப்பட்டு ஈரத்தின் மேல் பூசினால் உள்ளே பிசினாகவே நின்று, இரண்டு நாளில் நாற்றமெடுத்து உரிந்துவரும். காய்ந்ததும் முகப்பவுடர் தூவுங்கள், இல்லையென்றால் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும். அக்ரிலிக் வண்ணத்தை நேரடியாகப் பூசினால் விரல் மடங்கும்போது வெடிக்கும், ரப்பர் பாலில் கலந்து பூசுங்கள். எண்ணெய் எதுவும் அதில் படக்கூடாது. படப்பிடிப்பில் எல்லாரும் தடவும் கொசு மருந்தே ஒரு மாலையில் அந்தக் கையை இளகவைத்துவிடும். அதை எடுத்துக்கொடுப்பவர் கையைக் கழுவிவிட்டுத்தான் தொட வேண்டும். சிலருக்கு ரப்பர் பால் ஒவ்வாது. அணியப்போகிறவரின் முழங்கையின் உள்பக்கம் ஒரு துளி வைத்து ஒரு நாள் பாருங்கள்.

முதுகுக்குப் பழைய முதுகுப்பை ஒன்றின் மேல் பஞ்சுத் தகடு அடுக்கி, கழுத்தே இல்லாததுபோலத் தோளை ஏற்றுங்கள். பார்த்ததும் மனிதனல்ல என்று சொல்வது அந்தக் கோடுதான். தலைக்குப் புருவ மேடும் ரோமமும் மட்டும் போதும், முகத்தில் பளபளக்காத கறுப்பு மை. கண் ஓட்டைக்குப் பின்னால் கறுப்பு நைலான் வலை வையுங்கள், வெள்ளை விழி மறைந்துவிடும். வலைக்குப் பின்னால் பார்வை மங்கும் என்பதால் ஒருவர் பக்கத்திலேயே இருந்து கைபிடித்துக் கூட்டிப்போக வேண்டும். கோரைப்பல் வேண்டாம். இணையத்தில் விற்கும் நிறக் கண்வில்லைகள் வேண்டவே வேண்டாம், கண்ணைக் கெடுத்துவிடும்.

கண்ணைப் பற்றி இன்னொன்று. திகில் படம் என்றாலே இருட்டில் இரண்டு கண்கள் பளிச்சிடும். மரநாய்க்கும், நம் காடுகளில் அரிதாக இருக்கும் தேவாங்குக்கும் அப்படிப் பளிச்சிடும். விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பியனுப்பும் படலம் ஒன்று இருப்பதால். குரங்குக்கும் மனிதக் குரங்குக்கும் நமக்கும் அந்தப் படலம் கிடையாது. இதை உங்கள் கதைக்குள் கொண்டுவாருங்கள். முதல் பாதியில் டார்ச் வெளிச்சம் சுற்றும்போதெல்லாம் மரத்தில் சின்னச் சின்னக் கண்கள் மினுங்கட்டும். ஒரு கதாபாத்திரம், "பயப்படாதே, மிருகம்னா கண்ணு மின்னும்" என்று சொல்லட்டும். பிறகு அதே டார்ச் ஒரு உருவத்தின் மேல் விழுகிறது, கண் மின்னவில்லை. இதற்குச் செலவு ஐந்து வெள்ளிகூட ஆகாது. சாலைப் பாதுகாப்பு உடைகளில் ஒட்டும் ஒளித்திருப்பு நாடாவை 6 மி.மீ. வட்டமாக வெட்டி, இரண்டிரண்டாகக் கிளைகளில் ஒட்டுங்கள். கேமரா வில்லைக்கு ஒட்டினாற்போல் ஒரு சிறு எல்இடி இருக்க வேண்டும். ஓரடி தள்ளிவைத்தால்கூட மினுக்கம் குறைந்துவிடும், ஏனென்றால் அந்த நாடா ஒளியை வந்த வழியே திருப்பியனுப்பும். படம் முடிந்ததும் எண்ணிப்பார்த்து ஒவ்வொன்றையும் உரித்தெடுங்கள்.

இடத்துக்கு வருகிறேன். புக்கிட் தீமா இயற்கை வனப்பகுதி காலை 7 முதல் இரவு 7 வரைதான் திறந்திருக்கும். நமக்குச் சூரியன் மறைவதும் ஏறக்குறைய அதே நேரத்தில்தான். ஆக, அங்கே இரவுக் காட்சி என்பது கிடையாது. நேரம் கடந்து உள்ளே இருப்பது குற்றம். பகலில் எடுக்கவும் தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி வேண்டும். குறைந்தது ஒரு மாதம் முன்பே விண்ணப்பியுங்கள். விரைவுச்சாலைக்கு மேலே விலங்குகளுக்காகக் கட்டி 2013இல் முடித்த பாலத்தின் பக்கம் போகவே வேண்டாம், அங்கே பொதுமக்கள் நடமாட அனுமதி இல்லை. உங்கள் புளோக் பின்னால் எடுப்பதற்கும் நகர மன்றத்தைக் கேட்க வேண்டும். அலறல் காட்சி இருந்தால் அக்கம்பக்கக் காவல் நிலையத்துக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள், இரவு 10.30க்கு முன் அதை முடித்துவிடுங்கள். ஜப்பானியச் சிப்பாய்கள் வரும் 1942 காட்சி ஒன்று வைக்கும் ஆசை வரலாம். பொய்த் துப்பாக்கியாக இருந்தாலும் காவல்துறை அனுமதி இல்லாமல் பொது இடத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். இந்தப் பட்ஜெட்டில் அந்தக் காட்சியை விட்டுவிடுவதே நல்லது.

வனப்பகுதியில் ஒரே ஒரு நாள் போதும். அன்று எடுக்க வேண்டியது அகலமான காட்சிகளும் பாதையில் நடக்கும் காட்சிகளும். மாலை 6 மணிக்கு மேல் மர நிழலில் வெளிச்சம் வேகமாக இறங்கும், வெளியேறும் நேரத்தையும் கழித்தால் கையில் கிடைப்பது அரை மணி நேரம். கேமராவின் வெண்சமநிலையை 3,200 கெல்வினில் வைத்து, கேமராவுக்குள் விடும் ஒளியை ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் குறைத்து எடுத்தால் இரவுபோலவே நீலம் படியும். வானம் சட்டகத்துக்குள் வரக்கூடாது, இலை இடுக்கில் ஒரு வெள்ளைப் பொட்டு தெரிந்தாலும் பகல் என்று காட்டிக்கொடுக்கும். தரையில் வெயில் திட்டுகள் இருந்தாலும் அப்படியே. மேகமூட்டமான நாள் கிடைத்தால் அதிர்ஷ்டம். மாதத்தைத் தேர்ந்தெடுக்க முடியுமானால் பிப்ரவரி. நவம்பர் முதல் ஜனவரிவரை மழை உங்கள் திட்டத்தைக் கலைத்துவிடும். இடிச்சத்தம் கேட்டால் மரத்தடியில் யாரும் நிற்கக்கூடாது, படப்பிடிப்பு அத்தோடு நிற்க வேண்டும்.

மற்ற இரவுக் காட்சிகளுக்குக் காடே தேவையில்லை. இரவுக் காடு என்பது வெளிச்சம் பட்ட ஐந்து மீட்டர் இலை, அதற்குப் பின்னால் கருமை, அவ்வளவுதான். காக்கி புக்கிட்டிலோ உட்லண்ட்ஸிலோ ஒரு தொழிற்கூட அறையை இரண்டு நாள் வாடகைக்குப் பிடியுங்கள். ஆறு மீட்டர் அகலக் கறுப்புத் துணி, எட்டுப் பத்துத் தொட்டிப் பனைகள், தோட்ட ஒப்பந்தக்காரர் வெட்டிப்போடும் கிளைகள் இரண்டு லாரி. உருவத்துக்குப் பின்னால் நாலைந்து மீட்டரில், மூன்று மீட்டர் உயரத்தில் ஒரு 60 வாட் எல்இடி. முன்னால் விளக்கே வேண்டாம், கதாபாத்திரத்தின் டார்ச்தான் முன் வெளிச்சம். டார்ச் மஞ்சளாகவும் பின்விளக்கு வெள்ளையாகவும் இருக்கட்டும். கேமராவை 4,000 கெல்வினில் வைத்தால் இரண்டும் அழகாகப் பிரியும். நமது மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் நொடிக்கு 25 சட்டகம், ஷட்டர் 1/50. டார்ச்சை மங்கலான நிலையில் வைத்தால் பல டார்ச்சுகள் துடித்து, திரையில் கோடு கோடாக ஓடும். முழு வெளிச்சத்தில் வைத்து, முகப்பில் தாள் ஒட்டிக் குறையுங்கள். புகை போடுவதாக இருந்தால் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் மெல்லியதாக. வெள்ளையாகக் கொட்டினால், நம் ஊர்க்காரர் யாராக இருந்தாலும் கொசு மருந்து அடிக்கிறார்கள் என்றுதான் நினைப்பார்.

எவ்வளவு காட்டுவது என்ற கணக்கு இது. 20 நிமிடத்தில் உருவம் திரையில் இருப்பது மொத்தம் 40 விநாடிக்கு மேல் போகக்கூடாது. 15 மீட்டரில் நிழலுருவமாக இரண்டு விநாடி. ஆறு மீட்டரில் முதுகும் தோளும் மட்டும் நான்கு விநாடி, அது திரும்புவதற்குள் வெட்டிவிடுங்கள். ஒரு மீட்டரில் மரப்பட்டையைப் பிடித்திருக்கும் விரல்கள், இதற்கு எட்டு விநாடிகூடக் கொடுக்கலாம். முகத்தை ஒரே ஒரு முறை, அதுவும் பாதி. முழு உருவத்தையும் ஒரே சட்டகத்தில், வெளிச்சத்தில் காட்டும் காட்சி உங்கள் திரைக்கதையில் எங்கே இருக்கிறதோ, அந்தப் பக்கத்தை மறுபடி எழுதுங்கள்.

ஒலிக்கு ஒரு நல்ல ஆளை அமர்த்துங்கள். புக்கிட் தீமாவில் எங்கே நின்றாலும் விரைவுச்சாலை இரைச்சல் அடியில் ஓடிக்கொண்டே இருக்கும். பொழுது சாயும்போது சில்வண்டு கத்த ஆரம்பித்தால் வசனம் அமுங்கிவிடும். அதைவிடத் தொல்லை, ஒரு டேக்கில் கத்தி அடுத்த டேக்கில் நின்றுவிடும், இரண்டையும் ஒட்டினால் ஒவ்வொரு வெட்டும் காதில் உதைக்கும். எனவே ஒவ்வோர் இடத்திலும் யாரும் பேசாமல் இரண்டு நிமிடம் வெறும் சூழலொலியைப் பதிந்துகொள்ளுங்கள், வசனத்தைப் பிறகு அறையில் பதியுங்கள். அந்தச் சில்வண்டு ஒலியே பிறகு உங்கள் கையில் ஆயுதமாகும். காட்சி முழுக்க அது ஓடட்டும், உருவம் வருவதற்கு மூன்று விநாடி முன்னால் பட்டென்று நிறுத்துங்கள். இசையே தேவைப்படாது. உருவத்தின் குரலுக்கு, ஒருவர் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டே எழுப்பும் ஒலியைப் பதியுங்கள். வெளியே விடும் மூச்சில் உறுமினால் மனிதன் உறுமுவதாகவே கேட்கும். 96 கிலோஹெர்ட்ஸில் பதிந்தால், ஐந்து அரைச்சுருதி இறக்கி 70 விழுக்காட்டு வேகத்துக்குக் குறைத்தாலும் ஒலி பெரிதாகக் கெடாது.

நடிப்பவரின் உடல்நிலையில் விட்டுக்கொடுக்காதீர்கள். இரவிலும் இங்கே 26, 27 டிகிரி, காற்றில் ஈரம் நிறைய. ரோமத்துக்குள் வியர்வை ஆவியாகாது. 15 நிமிடம் போட்டால் 20 நிமிடம் தலையையும் முதுகையும் கழற்றி மின்விசிறி முன் உட்கார வேண்டும். தாகம் எடுக்கிறதா என்று கேட்காமலே தண்ணீர் கொடுங்கள். தலைசுற்றல், குமட்டல், பேச்சில் தடுமாற்றம், இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றைக்கு அவருடைய வேலை முடிந்தது.

பணத்தை நான் பிரிப்பதாக இருந்தால் இப்படி: பாகங்களுக்கு 900, ஒலிக்கு 1,800, விளக்கு வாடகை 1,200, இடமும் அனுமதியும் காப்புறுதியும் 1,200, சாப்பாடும் போக்குவரத்தும் 1,300, ஒலிக்கலவையும் வண்ணத் திருத்தமும் 800. மிச்சம் 800ஐ எதற்கும் தொடாமல் வையுங்கள். ஒரு மாலை மழையில் போனால் அதுதான் காப்பாற்றும். பொதுவில் திரையிடுவதற்கு முன் தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையத்திடம் தரப்படுத்தலுக்கு அனுப்ப வேண்டும். ரத்தத்தைக் குறைத்துக்கொண்டால் பிஜி13 கிடைக்க வாய்ப்பு அதிகம், உங்கள் தம்பி தங்கைகளும் பார்க்கலாம்.

கடைசியாக அந்த 30 விநாடித் துண்டு. செய்யாதீர்கள். இதில் எனக்கு இரண்டாவது எண்ணமே இல்லை. நிஜம் என்று நம்பி இருபது பேர் டார்ச்சோடு இரவில் அந்தக் காட்டுக்குள் இறங்கினால், மிதிபடுவது தேவாங்கும் எறும்புத்தின்னியும் அவை வாழும் இடமும்தான். உருவத்தை வரவழைக்கிறேன் என்று யாராவது பழம் வைப்பார். விலங்குகளுக்கு உணவு கொடுப்பதற்கே முதல் முறை 5,000 வெள்ளிவரை அபராதம் இருக்கிறது, சாப்பாட்டுக்குப் பழகிய குரங்குகள் பிறகு பிள்ளைகள் கையில் இருக்கும் பையைப் பிடுங்கும். படத்தின் பெயரையும் நாளையும் போட்டு முன்னோட்டமாகவே வெளியிடுங்கள். மின்னாத கண் காட்சி ஒன்று போதும், ஆள் கூடும்.

இந்த வாரம் செய்ய வேண்டியது ஒன்றுதான். நெருக்கக் கையை மட்டும் செய்து முடியுங்கள். வீட்டு விளக்குகளை அணைத்து, ஒரு தொட்டிச் செடிக்குப் பின்னாலிருந்து அந்த விரல்கள் மெதுவாக இலையை ஒதுக்குவதை எட்டு விநாடி எடுங்கள், சில்வண்டு ஒலியை ஓடவிட்டு நடுவில் நிறுத்துங்கள். அன்று சிரித்த அதே ஆட்களுக்கு எதுவும் சொல்லாமல் போட்டுக் காட்டுங்கள். மறுபடியும் சிரித்தால், ரோமம் கூடுதலா, வெளிச்சம் கூடுதலா என்று பார்த்து, வெளிச்சத்தை முதலில் குறையுங்கள்.